எங்கள் கார் நடுக்கம் விட்ட கதை

1

கார் நடுங்கியதைக் குளிருக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நியூசிலாந்தில் வெலிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறோம். இங்கே ஜூன், ஜூலையில் விடிந்து பார்த்தால் கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி அப்பியிருக்கும். இலங்கையின் நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை என்று ஊருக்குப் போன் பேசும்போது சொல்லிக்கொள்வோம். பேசி முடித்ததும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போடுவோம். அப்படி நாங்களே நடுங்கிக்கொண்டு ஏறும்போது காரும் சேர்ந்து நடுங்கினால் அதில் என்ன தப்பு?

பிறகு கோடை வந்தது. எங்கள் நடுக்கம் நின்றது, காரின் நடுக்கம் நிற்கவில்லை. சிவப்பு விளக்கில் நிறுத்தினால் ஸ்டியரிங் ஆடும், கதவு ஆடும், கண்ணாடியில் மாட்டிய செபமாலை ஆடும், என் கணவரின் கன்னம் ஆடும். கியரைப் போட்டதும் உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு அடி விழும். கணவர் சந்திரன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "வயசாகுதில்ல" என்பார். காருக்கா, உங்களுக்கா என்று நான் கேட்டதில்லை.

நுவரெலியா டவுனில் வாடகைக்கு வரிசையாக நிற்குமே, அதே ஜப்பான் சின்னக் கார்தான் எங்களுடையதும். ஊரிலும் பழசாக வந்து இறங்கும், இங்கும் பழசாகத்தான் வந்து இறங்குகிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தெருவில் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். அந்தப் பாசத்தில் வாங்கியது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஸ்டெல்லா. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அதே தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சந்திரன் பூண்டுலோயாக்காரர், பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. மகள் ஷாலினிக்குப் பதினேழு வயது. ஆங்கிலத்தில் சிந்தித்து, ஆங்கிலத்தில் கோபப்பட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் தமிழுக்கு வருவாள்.

இந்த நாட்டில் கார்களுக்குக் காலத்துக்குக் காலம் தகுதிச் சோதனை உண்டு. அதில் தேறி, கண்ணாடியில் ஒட்டும் துண்டு வாங்காவிட்டால் காரை ரோட்டில் இறக்கக் கூடாது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சோதனைக்குப் போனோம். சோதனைக்காரர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, பொனட்டைத் திறந்து வைத்து, சந்திரனை உள்ளே உட்காரச் சொன்னார். பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டு லேசாக ஆக்சிலேட்டரைத் தொடச் சொன்னார். சந்திரன் தொட்டார். எஞ்சின் அப்படியே எழும்பி, எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, 'டொக்' என்று உட்கார்ந்தது.

சோதனைக்காரர் பொறுமையாக விளக்கினார். எஞ்சினைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருப்பவை மவுண்ட் என்கிற தாங்கிகள். வெளியே இரும்பு, நடுவில் ரப்பர். எஞ்சினின் குலுக்கலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். எங்கள் காரில் மூன்று மவுண்ட், மூன்றிலும் ரப்பர் கிழிந்து போயிருந்தது. அதாவது ஒரு வருடமாக எஞ்சின் எங்களோடு வந்தது அதன் நல்ல மனதால். பெயில் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை எனக்கு டிரைவிங் டெஸ்ட். இந்தக் காரில்தான்.

2

அந்தத் திங்கட்கிழமையில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் நான் பட்ட பாடு விளங்கும்.

முதியோர் இல்லத்தில் எனக்கு விடியற்காலை வேலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வேலை பிடிக்கும், விடியற்காலை பிடிக்காது. சில வாரங்களுக்கு முன் வேறு ஒரு இடம் காலியானது. வயதானவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. ஒரு வீட்டில் மருந்து கொடுத்து, இன்னொரு வீட்டில் குளிப்பாட்டி, மற்றொரு வீட்டில் சும்மா உட்கார்ந்து பேச வேண்டும். பேசுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டதும் ஷாலினி, இது அம்மாவுக்கென்றே உண்டாக்கின வேலை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. ஆனால் வீடு வீடாகக் காரில் போக வேண்டும். மாத முடிவுக்குள் லைசன் இருந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. பொறுப்பாளர் இதை மிக அன்பாகச் சொன்னார். இந்த நாட்டில் கெட்ட செய்தியெல்லாம் அன்பாகத்தான் வரும். திங்கட்கிழமையை விட்டால் டெஸ்டுக்கு அடுத்த இடம் இரண்டு மாதம் கழித்துத்தான் இருந்தது.

அந்த வேலையை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்றால், முகம் தெரியாத கிழவர்களோடு மனதுக்குள் பேசிப் பழகவே ஆரம்பித்திருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. கொழுந்து லொறியில் போகும், பறித்த பெண்கள் அதன் பின்னால் நடந்து வருவார்கள். டீச்சர் ஆன பிறகும் எனக்கு நடையும் பஸ்ஸும்தான். அதை அப்போது நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. இங்கே வந்து, பக்கத்து வீட்டுக் கிழவி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது.

பழகுவோருக்கான முதல் லைசனுக்கு விண்ணப்பித்த நாளிலேயே சோதனை ஆரம்பித்துவிட்டது. என் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் 'லோவர் டிவிஷன்' என்று இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் எதன் லோவர் டிவிஷன் என்று கேட்டாள். தோட்டத்தின் என்றேன். தோட்டத்திலா பிறந்தீர்கள் என்று அவள் இரக்கத்தோடு பார்த்தாள். பூச்செடிகளுக்கு நடுவே என் அம்மா படுத்திருக்கிற காட்சி அவள் கண்ணில் தெரிந்தது. மலை, தேயிலை, வரிசை வீடுகளான லயம், பிள்ளை பார்க்கும் பிள்ளைமடுவம் என்று வரிசைக்கு நின்றவர்கள் எல்லாம் கேட்க ஒரு பாடமே நடத்தி முடித்தேன். கடைசியில் அவள் 'இலங்கை' என்று மட்டும் தட்டிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு டெஸ்டில் இரண்டு தரம் பெயில். முதல் தரம் ஹாரன். எங்கள் மலைநாட்டு ரோடுகளில் முன்னால் என்ன வருகிறது என்று தெரியாத வளைவு முடக்குத்தான் அதிகம், ஒவ்வொரு முடக்கிலும் ஹாரன் அடிக்காமல் எந்தப் பஸ்ஸும் திரும்பாது. அந்தப் பஸ்களில் இருந்து பழகிய எனக்கு முடக்கைக் கண்டால் கை தானாக ஹாரனுக்குப் போகிறது. இங்கே ஹாரன் அடிப்பது திட்டுவதற்குச் சமம். முடக்குக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த ஒரு மனிதர் திடுக்கிட்டு வேலி ஓரத்தில் போய் விழப் பார்த்தார். இரண்டாம் தரம், பஸ்ஸுக்காக நின்ற ஒருவர் ரோட்டைக் கடக்கப் போகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். பரவாயில்லை, போங்கள் என்று நானும் கை காட்டினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை சேர்ந்துவிட்டது.

ஷாலினி போன வருடம் முதல் தரத்திலேயே பாஸ். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

3

கராஜ்களுக்குப் போன் அடித்தோம். எல்லோரும் அடுத்த வாரக் கடைசியைத்தான் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு சந்திரன், "நாமளே மாத்துவோம்" என்றார்.

சந்திரனின் தகுதியையும் சொல்ல வேண்டும். பூண்டுலோயாவில் அவருடைய மாமா ஒருவர் கராஜ் வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் இவர் அங்கே போய் நின்றிருக்கிறார். நின்றிருக்கிறார் என்பதுதான் சரியான சொல்.

இந்தக் கார் இங்கே மூலைக்கு மூலை நிற்பதால் சாமான் கிடைப்பது கஷ்டமில்லை. சனிக்கிழமை காலையிலேயே ஒரு கூட்டுக்காரருடைய காரில் போய், மூன்று மவுண்டையும் பெட்டியோடு வாங்கி வந்துவிட்டார். ஷாலினி ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். அதில் வெள்ளை மேல்சட்டை போட்ட ஒரு மனிதர், பக்கத்தில் வைத்த கோப்பி ஆறுவதற்குள் மூன்றையும் மாற்றிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் சிரித்தார். அந்த ஆள் மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

முதல் வேலையாக சந்திரன் கல்லைக் கொண்டுவந்து வைத்தார். மலைநாட்டில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் மட்டும் போதாது, இறங்கி ஒரு கல்லைத் தேடிச் சில்லுக்கு அடியில் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாதவனை டிரைவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சந்திரன் இங்கு வந்தும் அதை விடவில்லை. ஆற்றங்கரையில் பொறுக்கிய நல்ல உருண்டைக் கற்கள் எங்கள் வாசலில் எப்போதும் இருக்கும். பக்கத்து வீட்டுக் கிழவி அவற்றை ஏதோ அலங்காரம் என்று நினைத்து, நடுவில் ஒரு பூச்செடி வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டுக் கராஜுக்கு முன்னால் தரை மட்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அன்றைக்கு எல்லாச் சில்லுக்கும் முன்னாலும் பின்னாலும் கல் வைத்தார். தட்டையான தரை என்று ஒன்று இருப்பதை அவரால் இன்னும் முழுசாக நம்ப முடிவதில்லை.

மவுண்டைக் கழற்றும்போது எஞ்சின் கீழே இறங்கிவிடாமல் அடியில் ஜாக்கைக் கொடுத்துத் தாங்க வேண்டும். வெறும் இரும்பு எஞ்சினில் படாமல் இடையில் தடித்த மரம் ஒன்று வேண்டும். சந்திரன் வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தபோது அவர் கையில் என்னுடைய மரக்கறி வெட்டும் பலகை.

"அது எதுக்குங்க?"

"கொஞ்ச நேரந்தான்."

"நேத்துதான் அதுல மீன் வெட்டினேன்."

"எஞ்சினுக்குத் தெரியாது" என்றார்.

வேலை ஆரம்பித்தது. மேல்பக்கத்து மவுண்ட் சுலபமாகக் கழன்றது. அந்த உற்சாகத்தில் அடுத்த பக்கத்தையும் கழற்றினார். கழற்றியதும் எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மீன் பலகையின் மேல் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. புது மவுண்டை வைத்தால் அதன் துவாரம் ஓரிடத்தில், போல்ட் போக வேண்டிய இடம் இன்னோரிடத்தில். நடுவே ஒரு விரல் அகலம்.

அந்த நேரம் பார்த்து கந்தப்பளையிலிருந்து தம்பி அந்தோனி வீடியோவில் வந்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அவன் பின்னால் ஒரே பனிமூட்டம், அதற்குள் அவனுடைய மரக்கறி லொறி, லீக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள். நான் போனை எஞ்சின் பக்கம் திருப்பினேன்.

"என்னா மச்சான், எஞ்சின் படுத்துக் கெடக்கு?"

"படுக்கல. கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றார் சந்திரன்.

"ஒன்ன மாத்தி முடிச்சிட்டுத்தானே அடுத்தத கழட்டணும்? ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"சொல்லியிருந்தா கழட்டியிருப்பேனா?"

"வீடியோல சொன்னாங்க அப்பா" என்றாள் ஷாலினி. அன்றைக்கு அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. அப்பாவை மாட்டிவிடத் தமிழ்தான் வசதி போலிருக்கிறது.

அந்தோனிக்குப் பின்னால் லீக்ஸ் ஏற்றியவர்கள் ஒவ்வொருவராக வேலையைப் போட்டுவிட்டுத் திரைக்குள் தலையை நீட்டினார்கள். ஜாக்கை ஏற்றச் சொன்னார் ஒருவர், இறக்கச் சொன்னார் மற்றவர். காரை வித்துவிடுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மச்சான், புது மவுண்டு எதுக்கு?" என்றான் அந்தோனி. "பழைய டயர வெட்டி நடுவுல வச்சி இறுக்கி விடுங்க. என் லொறி அப்படித்தான் கொழும்புக்கு ஓடுது."

"இங்க டயர வெட்டி வச்சா எங்களப் புடிச்சி உள்ள வச்சிருவாங்க அந்தோனி" என்றேன்.

"அப்ப ஒங்க ஊர்ல ரிப்பேர்னா புதுசு வாங்குறதா?" என்று சிரித்தவன், கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீ லைசன் எடுத்துட்டா ஒரு போட்டோ அனுப்பு. ஸ்டியரிங்க புடிச்ச மாதிரி. இங்க யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

யார் யாரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான் என்று கேட்டேன். எல்லோரிடமும் என்றான்.

மாலைவரை ஜாக்கை ஏற்றினோம், இறக்கினோம். ஒரு துவாரம் நேரே வந்தால் மற்றது விலகிப் போகும். மழை வேறு வந்துவிட்டது. எஞ்சின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு சந்திரன் கை கழுவப் போனார். நான் குசினியில் உள்ளங்கையில் வைத்து வெங்காயம் வெட்டினேன், பலகை இல்லையே. கண்ணீர் வந்தது. வெங்காயம் வெட்டுகிற ஆளை யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்பதில்லை, அது வசதியாகப் போயிற்று. அந்த வேலை கையை விட்டுப் போய்விட்டது என்றே அன்றைக்கு நம்பினேன்.

4

ஞாயிறு காலைப் பூசைக்குப் போனேன். கோடி அற்புதரான அந்தோனியாரிடம், தொலைந்த சாமானைத் தேடித் தருவதுதான் உமது வேலை என்று தெரியும், ஆனாலும் ஒரு விரல் அகலத்தைத் தொலைத்துத் தந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். திரும்பி வந்தபோது சந்திரன் தார்ப்பாயை எடுத்துவிட்டு, எஞ்சினை முறைத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் திருநீறு. ஆக இரண்டு பக்கத்திலும் மனுப் போயிருந்தது.

ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஆரம்பிப்போம் என்றேன். ஊற்றிக் கொடுத்தேன். சந்திரன் கோப்பையைக் காரின் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கையால் குடித்தபடி மறு கையால் நட்டுகளை எண்ணி அடுக்கினார். ஒன்று குறைந்தது. எஞ்சினுக்குள் விழுந்திருக்கும் என்றார். ஷாலினி டோர்ச்சோடு காருக்கு அடியில் போனாள். நான் கற்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். அந்தோனியாருக்கு இப்போது அவருடைய சொந்த வேலையே வந்துவிட்டது. எல்லா இடமும் தேடிக் களைத்துப் போய், சந்திரன் கோப்பையை எடுத்து மிச்சத்தை ஒரே மடக்காகக் குடித்தார். அடியில் 'கிளிங்' என்றது.

மூன்று பேரும் கோப்பைக்குள் பார்த்தோம்.

"இரும்புச் சத்து" என்றார் சந்திரன்.

முதலில் ஷாலினிதான் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எங்கள் வீட்டில் அவள் சிரிப்பதெல்லாம் போனைப் பார்த்துத்தான். அன்றைக்கு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அதற்காகவே இன்னும் நாலு நட்டைத் தேத்தண்ணியில் போடலாம் என்று தோன்றியது.

மறுபடியும் ஜாக்கை ஏற்றினோம். இந்தத் தரம் சந்திரன் ஜாக் பக்கம், ஷாலினி துவாரத்துக்கு நேரே போல்ட்டோடு. நான் எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும். டீச்சர் வேலைக்குப் போகும் காலத்தில் பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டால் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளியவள் நான். தள்ளுவது எனக்குத் தெரியும்.

"தள்ளு ஸ்டெல்லா."

"சும்மா தள்ளுன்னா எப்படித் தள்ளுறது? பாட்டுப் போடுங்க."

"ஐலசா" என்றார் சந்திரன்.

"இன்னும் சத்தமா."

"ஐலசா!"

"வாட் இஸ் ஐலசா?" என்று ஷாலினி கேட்டாள். அதை விளக்க எங்களுக்குத் தெரியவில்லை. அது தள்ளும்போது வருகிறது, அவ்வளவுதான். அடுத்த தரம் அவளும் சேர்ந்து "ஐலசா" என்றாள், நியூசிலாந்து உச்சரிப்பில். எனக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்தது. சந்திரனுக்கும் சிரிப்பு வந்து ஜாக்கின் பிடி கொஞ்சம் இறங்கியது. எஞ்சின் ஒரு அசைவு அசைந்தது. போல்ட் ஷாலினியின் விரலிலிருந்து சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

"அம்மா. போயிருச்சு" என்றாள்.

சந்திரன் நட்டைப் போட்டுக் கையால் சுற்றினார். அது சுற்றியது. அதற்குப் பிறகு மற்ற இரண்டும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. ஒன்றை முழுசாக முடித்துவிட்டே அடுத்ததைத் தொட்டோம். கடைசியாக ஜாக்கை இறக்கி, எஞ்சின் தன் பாரத்தோடு புது ரப்பரில் உட்கார்ந்த பிறகு, எல்லா போல்ட்டையும் இன்னொரு தரம் இறுக்கினார். வெயில் சாயும் நேரம் ஆகிவிட்டது.

சந்திரன் உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்தார். வெளியே நின்ற எனக்கு ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் எஞ்சின் எட்டிப் பார்க்கவில்லை. பொனட்டை மூடினோம். ரோட்டுக்குப் போகக் காரைப் பின்னால் எடுக்க வேண்டும். நான் பின்பக்கம் நின்று, லொறிக்காரர்களுக்குக் கை காட்டுவது போல, சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி", பிறகு "வரட்டும், வரட்டும்" என்றேன். கார் வரவில்லை. எஞ்சின் உறுமியது, கார் நின்ற இடத்தில் நின்றது. சந்திரன் இன்னும் மிதித்தார். கார் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, 'டமார்' என்று கீழே விழுந்து நின்றது.

எஞ்சின் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். சந்திரன் கதவைத் திறந்து இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சிச்சு ஸ்டெல்லா" என்றார். அவருடைய குரலை அப்படி நான் கேட்டதில்லை. என் வேலைக்காக அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர்.

ஷாலினி குனிந்து பார்த்தாள்.

"அப்பா" என்றாள். "கல்லு."

எல்லாச் சில்லுக்கும் முன்னும் பின்னும் வைத்த கல். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பின்சில்லு தன் கல்லின் மேல் ஏறி இறங்க, முன்சில்லு தன் கல்லை முட்டிக்கொண்டு நின்றது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புகிற ஒரு மனிதனுக்கு இந்தச் சோதனை வந்திருக்காது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. சந்திரன் கற்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினார், ஒவ்வொன்றையும் அடுக்கும்போது ஒரு தரம் சிரித்தார். பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாம் நலமா என்று கேட்டார். மிக நலம் என்றோம்.

5

திங்கட்கிழமை காலை எனக்கு வேலை. டெஸ்ட் நடுப்பகலில். சந்திரன் காரைத் திரும்பவும் சோதனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நேரே டெஸ்ட் நடக்கும் இடத்துக்கு வருவதாக ஏற்பாடு. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டனாருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது போனில் படம் வந்தது. கார்க் கண்ணாடியில் புதுத் துண்டு. பாட்டனாரிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் வாழ்த்தினார்.

பஸ்ஸில் போய் இறங்கினேன். டெஸ்ட் எடுப்பவர் வயதான பெண்மணி, சிரிக்காத முகம். பக்கத்தில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, புறப்படச் சொன்னார். புறப்பட்டேன். முதல் முடக்கில் என் இடது கையை வலது கையால் மனதுக்குள் பிடித்துக்கொண்டேன். ஹாரன் அடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாம் நன்றாகப் போனது, சிவப்பு விளக்கு வரும்வரை.

நிறுத்தினேன். ஸ்டியரிங் ஆடவில்லை. கதவு ஆடவில்லை. செபமாலை நேராகத் தொங்கியது. ஒரு சத்தமும் இல்லை. நான் பழகிய நாளிலிருந்து நடுங்காத இந்தக் காரில் உட்கார்ந்ததே இல்லை. அதன் நடுக்கம்தான் எனக்கு எஞ்சின் உயிரோடு இருப்பதற்கான அடையாளம். எஞ்சின் நின்றுவிட்டது, நடு ரோட்டில், மூன்றாம் தர டெஸ்டில். வேலை போயிற்று.

பச்சை விழுவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மன்னிக்க வேண்டும். எஞ்சின் ஓடுகிறதா?" என்று அந்தப் பெண்மணியிடமே கேட்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். டாஷ்போர்டைப் பார்த்தார். ஓடுகிறது என்றார்.

"ஞாயிற்றுக்கிழமைதான் மவுண்ட் மாற்றினோம். வீட்டிலேயே. நாங்களே. அதற்கு முன்னால் இது நடுங்கும்" என்று விளக்கினேன். டெஸ்ட் நேரத்தில் கதை பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். வாய் கேட்டால்தானே.

பச்சை விழுந்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டேன். கார் வெண்ணெய் போல நகர்ந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் வரவில்லை. கேட்கக் கூடாததையே கேட்டாயிற்று, இனி என்ன ஆனாலும் அதற்கு மேல் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரவுண்டபவுட்டில் திரும்பினேன், பெரிய ரோட்டில் வேகம் எடுத்தேன், ஒரு கடைக்கு முன்னால் ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தினேன். திரும்பி வந்து சேர்ந்ததும் அவர் நெடுநேரம் எழுதினார். பிறகு, பாஸ் என்றார். இறங்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, எந்தப் பக்கத்து மவுண்ட் கஷ்டம் கொடுத்தது என்று கேட்டார். அவருடைய வீட்டிலும் அதே கார்தானாம்.

சந்திரன் தூரத்தில் நின்றார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியதும் அவரும் தூக்கினார். கிட்ட வந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்கிலெல்லாம் இன்னும் கிரீஸ். என்னை உள்ளே உட்கார வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தமாதிரி ஒரு போட்டோ எடுத்து அந்தோனிக்கு அனுப்பினார். பிறகு வழக்கம் போல என் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்தார். ஒரு வருடமாக அந்தச் சீட்டிலிருந்துதான் மெதுவா, பிரேக்கு, கண்ணாடிய பாரு என்று சொல்லிக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க" என்றேன். "கோவிச்சுக்காதீங்க. நீங்க பஸ்ல வாங்க."

"என்னா?"

"ஒரே ஒரு தடவ. நான் மட்டும் ஓட்டிப் பாக்குறேன்."

அவர் என்னைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

நாற்பத்தொன்பது வயதில், வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு வண்டிக்குள் நான் மட்டும் இருந்தேன். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை, பக்கத்திலிருந்து யாரும் சொல்லித் தரவில்லை. மலைப்பக்கத்து ரோட்டில் ஏறினேன். மேலே ஒருவரும் இல்லாத முடக்கு ஒன்று வந்தது. ஆசை தீர ஹாரன் அடித்தேன். சத்தமாகச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. என் வயதுப் பெண்கள் ஊரில் இதைப் படித்தால், ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

திரும்பிக் கீழே வந்தபோது பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் சந்திரன் மட்டும் நின்றார். தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டு, ஊரில் பஸ்ஸை மறிப்பது போலக் கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டினார். பஸ் நிறுத்தத்தில் கார் நிறுத்துவது இங்கே குற்றம். அதனால் தாண்டிப் போய் நிறுத்தினேன். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன். மூச்சு வாங்க, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் குனிந்து கேட்டார்:

"கந்தப்பளை போகுமா?"

"போகும்" என்றேன். "சில்லறையா மாத்தின காசு இருந்தா ஏறுங்க."